கோல்கீப்பருக்கு ஒரு பிரா

யொர்லாடிஸ் பதின்மூன்று வயதில் கால்பந்தை விட்டாள். யாரும் அவளை நிறுத்தவில்லை. மார்பு வளர்ந்தது, மைதானத்தின் ஓரத்தில் நிற்கிற பையன்கள் பந்தை விட்டுவிட்டு அவளைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை. அப்புறம் வரவேயில்லை. ஏன் என்று வீட்டிலும் கேட்கவில்லை, கூட ஆடிய நாங்களும் கேட்கவில்லை.

இருபது வருஷத்துக்கும் மேல் கழித்து அவளைத் திரும்பக் கூட்டி வந்தது அம்பாரோ. மெதெயின் நகரத்தின் மான்ரிகே மேட்டில் முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு ஓர் அணி இருக்கிறது. அதற்கு அம்பாரோதான் கேப்டன். மற்ற நேரத்தில் பஸ் நிறுத்தத்தில் சோள மாவுக்குள் கறி வைத்து எம்பனாடா பொரித்து விற்பாள். நான் இடது பக்கத் தடுப்பாட்டக்காரி. எங்கள் கோல்கீப்பர் நெல்சி மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டதால் வலைக்கு முன்னால் நிற்க ஆளில்லை. யொர்லாடிஸ் அப்போது ரொட்டிக் கடை ஒன்றில் வேலை பார்த்தாள். மேல்தட்டிலிருந்து சரிந்த பிஸ்கட் டப்பாவை அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு கையால் பிடித்ததை அம்பாரோ பார்த்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை மைதானத்துக்கு வந்துரு" என்றாள்.

"நான் எங்கக்கா ஆடப்போறேன்? இந்த உடம்ப வச்சுக்கிட்டு?"

"நெல்சி உடம்ப வச்சுக்கிட்டே ஆடலாங்குறப்ப உனக்கென்னடி?"

வந்தாள். முதல் பாதியில் அவளைத் தாண்டி ஒன்றும் போகவில்லை. இரண்டாம் பாதியில் முகம் வெளிறிக்கொண்டே வந்தது. ஒரு கார்னர் உதைக்குக் கையைத் தூக்கியவள் அப்படியே செம்மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பந்து அவள் தலைக்கு மேலே போய் வலையில் விழுந்தது.

அம்பாரோ ஓடிப்போய் அவள் சட்டைக்குள் கையை விட்டாள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பிரா. அதற்கும் மேல், சுளுக்குக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"அடிப்பாவி! மூச்சு எங்கிட்டுப் போகும்?"

"குலுங்கக் கூடாதுல்ல, அதான்."

நாங்கள் சிரிக்கவில்லை. பேண்டேஜை அவிழ்த்ததும் அவள் இருமினாள், தண்ணீர் குடித்தாள். மீதி ஆட்டத்துக்கு நான்தான் கோலில் நின்றேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த வாரமே நாங்கள் மூன்று பேரும் பஸ் பிடித்து இறங்கிக் கடைத்தெருவுக்குப் போனோம். உள்ளாடைக்கென்றே இருக்கிற கடை. எங்களைவிடப் பத்து வயது சின்னவளான விற்பனைப் பெண் வந்தாள். எங்கள் ஊர்க் கடைகளில் எந்த வயதுக்காரியையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ன சைஸ் போடுறீங்க, கண்ணு?"

"முப்பத்தெட்டு பி" என்றாள் யொர்லாடிஸ், கீழே பார்த்துக்கொண்டு.

அந்தப் பெண் நாடாவை மார்புக்குக் கீழே ஒரு சுற்று, மேலே ஒரு சுற்று வைத்தாள். "முப்பத்து நாலு. கப்பு டபுள் டி."

"அது ஏதோ சினிமாக்காரி சைஸு மாதிரில்ல இருக்கு!"

"கீழ லூசாவும் மேல இறுக்கமாவும் போட்டிருந்திருக்கீங்க. கீழ இருக்கிற பட்டைதான் தாங்கணும். அது லூசா இருந்தா பாரம் மொத்தமும் தோள்ல ஏறிரும். தோளக் காட்டுங்க."

காட்டினாள். வார் பதிந்து பதிந்து இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருந்தது.

முதலில் மயில் நீலத்தில் ஒன்றை எடுத்தாள். தலை வழியாகப் போட வேண்டியது. திரை போட்ட அறைக்குள் போனாள். பிறகு, "அக்கா, சிக்கிக்கிட்டேன்" என்றாள். அம்பாரோ உள்ளே போய் இழுத்துவிட்டாள். அது எல்லாவற்றையும் நசுக்கி ஒரே மூட்டையாக்கியது. இன்னொன்றில் முன்னால் ஜிப் இருந்தது; குதிக்கச் சொன்னார்கள், குதித்தாள், ஜிப் தானாகவே இறங்கியது. அடுத்தது குதித்தபோது நன்றாகத்தான் நின்றது. ஆனால் கையை மேலே தூக்கியதும் கீழ்ப்பட்டையும் கூடவே ஏறிவந்துவிட்டது.

"ஓடுறவங்களுக்கு இது போதும்" என்றாள் விற்பனைப் பெண்.

"இவ ஓடுறவ இல்லம்மா. கோல்கீப்பர்" என்றாள் அம்பாரோ. "கைய மேலயே வச்சிருக்கிறவ."

அந்தப் பெண் உள்ளே போய்த் தேடி இன்னொன்று கொண்டுவந்தாள். இரண்டு கப்பும் தனித்தனி, அகலமான வார், முதுகில் மூன்று வரிசைக் கொக்கி. நிறம் பழைய பிளாஸ்திரி நிறம்.

"ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரி இருக்கு" என்றாள் யொர்லாடிஸ். "நீலத்துல இல்லையா?"

"உங்க சைஸுக்கு இந்த ஒரு கலர்தான் வருது, கண்ணு."

"உள்ள போடுறதுக்கு என்னடி கலரு? யார் பாக்கப்போறா?"

"நான் பாப்பேனே."

ஆனாலும் யொர்லாடிஸ் அதைப் போட்டுப் பார்த்தாள். முழுசாக மூச்சை இழுத்தாள், விட்டாள். பட்டைக்கடியில் இரண்டு விரலை நுழைத்துக் காட்டினாள். குதித்தாள். கையைத் தூக்கினாள். பட்டை அசையவில்லை. மேலே தன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்ததும், அம்பாரோ கூடையிலிருந்த காலுறை உருண்டை ஒன்றை எடுத்து அவள் தலைக்கு மேலே வீசினாள். பிடித்தாள். அடுத்ததை வலப்பக்கம் தாழ்வாக வீசினாள். அதையும் பாய்ந்து பிடித்தாள். பிடித்துக்கொண்டு இரவு உடைகள் தொங்கிய ஸ்டாண்டோடு சேர்ந்து விழுந்தாள்.

கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "இதென்ன கடையா, ஸ்டேடியமா?"

"வாங்கத்தானே போறோம், கத்தாதீங்க" என்றாள் அம்பாரோ.

யொர்லாடிஸ் தரையில் கிடந்தபடியே சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன். அந்த பிராவைக் கழற்றாமலே வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த ஆட்டத்தில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். இரண்டு கோலும் என் பக்கமாக வந்தவை. யொர்லாடிஸ் கடைசி நிமிடம் வரை நின்றாள், முழங்கை தோலுரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பீர் வைத்திருந்த ஒருவன் அவள் மார்பைப் பற்றி என்னவோ கத்தினான். அவளுக்கு அது கேட்டது, முகத்தில் தெரிந்தது. ஆனால் பந்து வந்துகொண்டிருந்ததால் பந்துக்குப் பாய்ந்தாள்.

நெல்சியின் கட்டு பிரித்த பிறகுதான் சிக்கல். பயிற்சிக்கு வந்ததும் வராததுமாக, "சரி, க்ளவுஸக் குடு" என்று கையை நீட்டினாள்.

"குடுக்க மாட்டேன்."

"என்னது?"

"குடுக்க மாட்டேன்னு சொன்னேன். நீ வேணும்னா என்கூட போட்டி போட்டு வாங்கிக்க."

"கேப்டன், பாத்தியா இவள? கை ஒடஞ்சவ எடத்துல வந்து உக்காந்துக்கிட்டு!"

யொர்லாடிஸ் குரலை உயர்த்தவில்லை, க்ளவுஸையும் கழற்றவில்லை. ஒரு காலத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டவள் இவள்தானா என்று எனக்குத் தோன்றியது. அம்பாரோ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆளுக்குப் பாதி ஆட்டம் என்று தீர்த்தாள். நெல்சி தண்ணீர் பாட்டிலை உதைத்துவிட்டுப் போனாள். சில வாரங்கள் யாரிடமும் பேசவில்லை.

இப்போது முதல் பாதி நெல்சி. இரண்டாம் பாதியில் அவள் கோட்டோரத்தில் உட்கார்ந்து ஆரஞ்சைச் சப்பிக்கொண்டே கத்துவாள்.

"முன்னாடி வாடி! கோல் கம்பத்துல கட்டி வச்சிருக்காங்களா உன்ன?"

யொர்லாடிஸ் திரும்பி அவளை ஒரு முறை முறைப்பாள். பிறகு இரண்டடி முன்னால் வருவாள்.