சுறா எண்ணெய் பூசிய கர்டர்

யுத்தம் முடிந்த மறுவருடம் தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு வைக்க இரும்புக் கிட்டங்கி ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. புயலில் தோணியைப் பறிகொடுத்துவிட்டுக் கையைப் பிசைந்து நின்ற இனிகோவை அங்கே வேலையில் சேர்த்துவிட்டவர், கர்டர் என்னும் இரும்பு உத்திரங்களுக்கு ரிவெட் ஆணி அடிக்கும் வீரபாகு அண்ணாச்சி. முன்பின் தெரியாதவனுக்காக அவர் மேஸ்திரியிடம் மல்லுக்கட்டியதை நினைத்தால் இனிகோவுக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

நன்றி இருக்கலாம், அதற்காகப் புத்தியைக் கழற்றி வைத்துவிடலாமா? மேலே ஏற்றிய கர்டர் உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கிடந்தது. தோணிப் பலகைக்குச் சுறா எண்ணெய் பூசியே பழகிய கை சும்மா இருக்குமா? அண்ணாச்சி பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று, சாயங்காலம் எல்லோரும் போனபின் ஒரு சட்டி எண்ணெயோடு ஏறி மேல்பக்கமெல்லாம் தேய்த்துவிட்டு வந்தான். அதன்மேல்தான் ஆட்கள் நடப்பார்கள் என்பது அந்த மகாராசனுக்குத் தோன்றவே இல்லை. நாற்றம் காட்டிக்கொடுத்திருக்குமே என்பீர்கள். மீன் காயும் கரையில் அதை யார் கண்டார்கள்?

காலையில் வீரபாகு ஏறினார். அவர் முகம் மலர்வதைப் பார்க்க இனிகோவும் பின்னாலேயே ஏறினான். நாலு எட்டு வைத்திருப்பார், கால் வழுக்கிவிட்டது.

ஒற்றைக் கையால் கர்டரின் விளிம்பைப் பற்றித் தொங்கினார். கீழே கருங்கல் தளம். எண்ணெய் பட்ட விரல்கள் நழுவின. "மாதாவே!" என்று அலறிய இனிகோ, பாய்மரத்தைக் கவ்வுவதுபோல் இரண்டு காலாலும் கர்டரைக் கவ்விக் குப்புறப் படுத்து அவர் மணிக்கட்டைப் பிடித்தான். ஏணி வரும்வரை விடவில்லை. தோள் பிசகியும் விடவில்லை.

மத்தியானம் வீரபாகுவின் மனைவி முத்துக்கனி சோற்றுத் தூக்கோடு அவன் குடிசைக்கே வந்துவிட்டாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கும்பிடாதீங்க மதினி. அந்த எண்ணெயைத் தேய்ச்ச பாவி நான்தான்."

"என்னலே சொல்லுத?"

"துருப்பிடிக்குதேன்னு தேய்ச்சேன். வேலை வாங்கித் தந்தவுகளுக்கு நான் வேற என்னத்தச் செய்வேன்?"

"கூறுகெட்ட பயலே! எம் பிள்ளையள நடுத்தெருவுல நிறுத்தப் பாத்தியே!" முத்துக்கனி வாய்விட்டு அழுதாள். இனிகோ எழுந்து வாசலுக்கு நடந்தான்.

"எங்கலே போற? உக்காரு."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மதினி?"

"ஏசுறத நாளைக்கு வச்சுக்கிடுதேன். இன்னைக்கு அவுக வீட்டுல உசுரோட உக்காந்து, குழம்புல உப்பு பத்தலைன்னு என்னைய வையுதாக. அது போதும் எனக்கு."

அவனால் வலது கையைத் தூக்க முடியவில்லை. அவளே சோற்றைப் பிசைந்து, உருட்டி, அவன் வாயில் ஊட்டினாள்.