பாலத்தின் நீளம்

அந்த ஆற்றுப் பாலம் புல்லுக்கட்டுக்காரிக்கு நாற்பதே எட்டு, அதைத் திறந்துவைத்த மந்திரிக்கு இருபது மைல். காலையில் ரிப்பனை வெட்டிவிட்டு, பேச வேண்டிய தாளும் கையுமாக நடக்கத் தொடங்கியவர் மறுநாள் மதியம்தான் அக்கரை சேர்ந்தார். அதற்குள் புல்லுக்கட்டுக்காரி அவரை மூன்று முறை தாண்டிப் போய்வந்தாள். மூன்றாம் முறை, பாவமே என்று ஒரு செம்பு தண்ணீரும் கொடுத்தாள்.

ஊர் இதைப் பெரிதுபடுத்தவில்லை. பவுசோடு வருகிறவர்களுக்குப் பாலம் நீளும், வேலையாக வருகிறவர்களுக்குச் சுருங்கும். பெரிய இடத்துச் சொந்தக்காரர்கள் வருவதானால் முந்தின நாளே கிளம்பச் சொல்லி ஆள் அனுப்பிவிடுவார்கள். அக்கரையில் ஒருத்திக்குப் பிரசவ வலி என்றால் இக்கரையில் இருக்கும் நர்ஸம்மாவுக்குப் பாலம் பதினோரு எட்டுதான். இருபத்தாறு வருடத்தில் நர்ஸம்மா அக்கரையில் ஒரு தாயையும் பறிகொடுத்ததில்லை.

இருபத்தேழாம் வருடம், வரைபடத்தில் உள்ள நீளமும் இருக்கிற நீளமும் ஒத்துப்போகவில்லை என்று பொதுப்பணித் துறை கண்டுபிடித்தது. கடைசியாக ஒருமுறை அளப்பது, அப்போதும் சரிவராவிட்டால் இடித்துவிடுவது என்று உத்தரவானது. அடுத்த பாலத்துக்கு இருபத்திரண்டு மைல் சுற்ற வேண்டும். அத்தனை தூரத்துக்கு எந்தப் பிள்ளை பொறுத்திருக்கும்? நர்ஸம்மாவுக்கு இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை.

அளக்கத் தலைமைப் பொறியாளரே வந்தார். காலை எட்டு மணிக்குப் பாலத்தில் கால் வைத்தவர் மாலை நாலு மணிக்கும் நடுப்பாலத்தைத் தாண்டவில்லை. நாடா பிடித்தவர்கள் நாடா தீர்ந்து திரும்பிவிட்டார்கள். குடை பிடித்தவன், "வீட்ல வேலை இருக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு நாலே எட்டில் கரையேறிப் போனான். அப்போதுதான் பின்னாலிருந்து நர்ஸம்மா ஓடிவந்தார்.

"வழி விடுங்க சார். அக்கரையில பிள்ளை கால் பக்கமா வருதாம்."

"நான் யாருன்னு தெரியுமாம்மா?"

"காலையிலேர்ந்து பாத்துக்கிட்டுதானே இருக்கேன். கை சும்மாதானே இருக்கு, இந்தப் பையைப் பிடிங்க."

அவர் பிடித்தார். நர்ஸம்மாவின் பதினோராவது எட்டில் அவரும் அக்கரையில் நின்றார். பிரசவ வீட்டு மாமியார் அவரைக் கம்பவுண்டர் என்று நினைத்து, "என்ன தம்பி மரம் மாதிரி நிக்குறீங்க, தண்ணி கொதிக்குதா பாருங்க" என்றாள். அவர் போய்ப் பார்த்தார். கொதித்திருந்தது. உள்ளே நீலம் பாரித்து வந்த பெண்பிள்ளை ஒரு நிமிடம் யோசித்துவிட்டு அழுதது. வெளியே தலைமைப் பொறியாளரும் அழுதார்.

அளவுப் புத்தகத்தில் 'நீளம்' என்ற கட்டத்தில், 'ஆளைப் பொறுத்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலிடத்தில் சந்தேகப்படலாம்தான், சந்தேகப்பட்டால் நேரில் வந்து நடக்க வேண்டும். எனவே சத்தமில்லாமல் கோப்பை மூடிவிட்டார்கள். பாலம் நின்றது.

ஓய்வு பெற்ற பிறகு அவர் ஒருநாள் தனியாக பஸ்ஸில் வந்து, பாலத்தை நடந்து கடந்தார். "நூத்திப்பத்து எட்டு வருதும்மா. அதுக்குக் கீழ குறையவே மாட்டேங்குது" என்றார் குறையோடு.

"எவ்வளவு பெரிய வேலையில இருந்தவங்க நீங்க" என்றார் நர்ஸம்மா. "கொஞ்சம் இருந்துட்டுப் போகட்டும் சார்."