விளிம்பு வரை ஊற்றிய தேநீர்

புல்வெளியும் உறைபனியுமான எங்கள் பக்கம் யாருக்கும் கிண்ணம் நிறையத் தேநீர் ஊற்றமாட்டோம். அரைக் கிண்ணம்தான். தீர்ந்ததும் மறுபடி ஊற்றுவோம், இன்னும் கொஞ்ச நேரம் இரு என்று பொருள். விளிம்பு வரை ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள்.

கைரொல்லா அண்ணன் இந்த வழக்கத்தை வைத்தே எங்கள் கொதிகலன் நிலையத்தை நடத்தினார். ஊர் முழுக்க வீடுகளுக்கு வெந்நீர் அனுப்பும் நிலையம் அது. பத்தொன்பது ஆண்டுகள் அவர் ஷிப்டுத் தலைவர். காலை எட்டு மணிக்கு ஆள் மாறும்போது தேநீர்க் கெண்டியைத் தானே எடுத்துக்கொள்வார். கரி தள்ளுகிறவருக்கும் தன் கையால் ஊற்றி, "எது சரியில்ல, சொல்லு" என்பார். முதல் கிண்ணத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. மூன்றாவது கிண்ணத்தில் உண்மை வந்துவிடும். "வால்வைத் தப்பா திறந்துட்டேண்ணே" என்று நானே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். "நல்லவேளை சொன்னே" என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினார். அவர் காலத்தில் ஒருவர் மேலும் கொதிநீர் பட்டதில்லை.

அவர் ஓய்வு பெற்றதும் பொறுப்பு எனக்கு வந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது நிலையத்துக்கே தெரியும். கெண்டியைக் கொடுக்கும்போது சிரித்தார்.

"பிபினூரு, தங்கச்சி, வீட்டுல பூட்ஸைக் கழட்டற மாதிரி இங்க வாசல்ல கோபத்தைக் கழட்டி வச்சிட்டு வா."

"அப்புறம் வெறுங்காலோட நிக்கவாண்ணே?" என்றேன்.

மூன்று மாதம் அப்படித்தான் வந்தேன். அரைக் கிண்ணம் ஊற்றினேன், கேட்டேன், அவர்களும் சொன்னார்கள். பிறகு ஜனவரி வந்தது. வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. எட்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது இயக்குநர் தொலைபேசியில் கத்தினார். ஊர்க் குழாயில் ஒரு டிகிரி இறங்கினாலும் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம். அந்த ஆள் தலைநகரில் பயிற்சிக்குப் போய், நல்ல தலைவரின் பழக்கங்கள் என்று அச்சடித்த தாளைக் கொண்டுவந்து எங்கள் சுவரில் ஒட்டியவர். 'பொறுமையாகக் கேள்' என்பது அதில் மூன்றாவது வரி.

தொலைபேசியை வைத்துவிட்டுக் கெண்டியை எடுத்தேன். பம்பு, வால்வெல்லாம் பழுது பார்க்கும் பிட்டர் துர்சின்பெக் அன்றைக்கு முதல் கிண்ணத்துக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

"ரெண்டாவது பம்புல ஒரு சத்தம் வருதுக்கா. நேத்தே கேட்டுச்சு."

"நேத்தே கேட்டுச்சா? அப்ப நேத்து என்ன பண்ணே? தாலாட்டுன்னு நெனச்சுத் தூங்கிட்டியா?"

கரி தள்ளும் கெனாடி சிரித்தார். நான் துர்சின்பெக்கின் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பினேன். தேநீர் வழிந்து மேசையில் ஓடியது. கெனாடி ரஷ்யர்தான், ஆனால் இந்த ஊரிலேயே பிறந்தவர், வழக்கம் தெரிந்தவர். அவர் சிரிப்பும் நின்றது. துர்சின்பெக் எழுந்து, கொதிக்கக் கொதிக்க அதை நின்றபடியே குடித்துவிட்டுப் போனார். மதியத்துக்குள் பம்பைச் சரி செய்துவிட்டார்.

கை தவறி ஊற்றினேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். தெரிந்துதான் ஊற்றினேன்.

மறுநாள் கேட்டேன், எது சரியில்லை என்று.

"எல்லாம் சரியா இருக்குக்கா."

அதற்கு மறுநாளும் அதே பதில். ஐம்பது வருடக் கிழட்டுக் கொதிகலன்களில் எல்லாம் சரியாக இருக்க வழியே இல்லை. எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். எல்லோர் முன்னாலும் துர்சின்பெக்கிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்கக்கா, அதையெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா" என்றார். மாவு உருண்டை பொரித்து எடுத்துப் போனேன். நன்றாகச் சாப்பிட்டார்கள். அரைக் கிண்ணம் ஊற்றினால் குடித்துவிட்டு, போதும் என்று கிண்ணத்தை உள்ளங்கையால் மூடினார்கள். மூன்றாவது கிண்ணம் வரை ஒருவரும் உட்காரவில்லை. நானே ஒவ்வொரு குழாயாகத் தடவிப் பார்த்துச் சுற்றினேன். நான் வருவதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

இயக்குநருக்கு மட்டும் ஏகப்பட்ட சந்தோஷம். "உன் ஷிப்டுல இருந்து ஒரு குறைகூட வர்றதில்லையே. இப்படித்தான் இருக்கணும்" என்றார். வேறு ஊர் நிலையங்களுக்கு என்னைப் பேச அனுப்பப் போகிறாராம்.

பிப்ரவரி கடைசியில் மூன்றாவது கொதிகலனின் வால்வு கசிந்திருக்கிறது. கொதிகலனை நிறுத்திவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும். நிறுத்த நான் உத்தரவு கொடுக்க வேண்டும். அதற்கு என்னிடம் வந்து சொல்ல வேண்டும். துர்சின்பெக் சொல்லவில்லை. ஓடுகிற கொதிகலனிலேயே ஸ்பேனரைப் போட்டு இறுக்கினார். நான் கட்டுப்பாட்டு அறையில் இருபது அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். வால்வு பிய்த்துக்கொண்ட சத்தமும் அவருடைய சத்தமும் ஒன்றாகத்தான் கேட்டன.

விசாரணைக்கு வந்தவர்கள் பதிவேட்டைப் புரட்டினார்கள். ஐந்து வாரமாக 'குறை எதுவும் இல்லை' என்று என் கையெழுத்தில் இருந்தது. பிட்டர் விதியை மீறினார் என்று எழுதிக்கொண்டு போனார்கள். "தப்பு என்மேலதான்" என்றேன். "எந்த விதிப்படி?" என்று கேட்டார்கள். கிண்ணத்தைப் பற்றி அவர்களிடம் என்னவென்று சொல்வது?

ஒன்பதாம் நாள் மருத்துவமனையில் பார்க்க விட்டார்கள். துர்சின்பெக்கின் இரண்டு கைகளும் முழங்கை வரை கட்டப்பட்டிருந்தன. வலது கையில் விரல்கள் மிஞ்சாது என்று டாக்டர் வெளியிலேயே சொல்லியிருந்தார். பிளாஸ்கிலிருந்து அரைக் கிண்ணம் ஊற்றி அவர் வாயருகே பிடித்தேன். குடித்தார். மறுபடி அரைக் கிண்ணம் ஊற்றினேன். அதையும் குடித்தார். மூன்றாவது முறையும் ஊற்றினேன்.

"சொல்லு துர்சின்பெக். என்னைத் திட்டணும்னா திட்டு. எது சரியில்ல?"

அவர் என்னைப் பார்த்தார். கிண்ணத்தை மூட அவருக்குக் கை இல்லை, அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எல்லாம் சரியா இருக்குக்கா" என்றார்.