கூப்பிய கைகள் யாருடையவை

1

இந்தக் கதையை எழுத வைத்தது ஒரு சின்னப் படம். கைகூப்பும் படம், எல்லோருடைய ஃபோனிலும் இருப்பதுதான். அக்கா இறந்து மூன்றாவது வாரம், அவள் இருந்த பிரார்த்தனைக் குழுவில், யாரோ ஒருவரின் வேண்டுகோளுக்குக் கீழே, அவள் பெயரில் அது வந்து நின்றது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மறைந்தவர்களும் நமக்காக இறைவனிடம்" — வேண்டாம். நினைவு மலரில் வரும் வாக்கியம். அடுத்து: "அன்று மழை பெய்து" — பெய்யவில்லை. நல்ல வெயில். பேருந்தில் இருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் தூங்கி என் தோளில் சாய்ந்திருந்தார். நான் போட்ட சத்தத்தில் அவர் பதறி எழுந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

2

அக்கா பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். அந்தக் குழுவில் தினமும் யாராவது எதையாவது வேண்டிக்கொள்ளச் சொல்வார்கள்: வேலை, கருத்தரிப்பு, நாட்பட்ட இருமல். சொன்ன மறுநொடி கைகூப்பும் படங்கள் கொட்டும். அக்காவினுடையது மட்டும் வராது. பல் அச்சுக்கான சுண்ணமாவு ஒட்டிய கையைக் கழுவி, தொட்டி ஓரமாக நின்று, கண்ணை மூடி அந்த ஆளுக்காக உண்மையிலேயே வேண்டிக்கொண்ட பிறகுதான் அவள் படத்தைப் போடுவாள். காலையில் கேட்டவருக்குச் சாயங்காலம்கூட ஆகும்.

"ஏன்க்கா, முதல்ல போட்டுட்டு அப்புறமா வேண்டிக்கயேன். கடவுள் என்ன கடிகாரத்தைப் பார்த்துட்டா உக்காந்திருக்காரு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பொய்ப்பல் செஞ்சு பொழைக்கறேன்டி. என் வாயிலயாவது நிஜம் இருக்கட்டும்."

(குழுவில் என்னையும் இழுத்துப் போட்டவள் அவள்தான். நான் படிப்பதோடு சரி. பலரும் முகம் பார்த்தறியாதவர்கள், வெவ்வேறு ஊர்க்காரர்கள். ஆனால் அக்காவின் படம் தாமதமாகத்தான் வரும், வந்தால் அதில் கலப்படம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். "உங்க கை வந்துடுச்சு, இனி தூங்குவேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார்.)

3

இப்போது அத்தான். இந்தப் பாத்திரத்தை நான் நம்பவில்லை. என் எழுத்துக்கே இவர் அடங்கமாட்டேன் என்கிறார்.

லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். வழிபாட்டுக்கு அக்காவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வாசலிலேயே செய்தித்தாள் படிப்பார். "மேல போறதுக்கு உங்கக்கா மனு போடறா. நான் பொத்தானை அமுக்கறவன். யார் முதல்ல போறோம்னு பார்ப்போம்" என்பார். அக்காதான் முதலில் போனாள். அவளுடைய ஃபோன் அவரிடம் தங்கியது.

நேராகவே கேட்டேன்.

"அத்தான், அக்கா ஃபோன்லேர்ந்து நீங்களா போடறீங்க?"

டீவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"அவ போயிட்டான்னு குழுவுல சொல்லிடறேன்னீங்களே!"

"சொல்லலாம்னுதான் திறந்தேன் சின்னவளே. ஒரு பொம்பளை, நாளைக்கு என் பையனுக்கு ஆபரேஷன், உங்க கைக்காகத்தான் காத்திருக்கேன் அக்கான்னு எழுதியிருக்கா. அவகிட்டப் போயி, அக்கா செத்துட்டாங்கன்னா சொல்றது?"

"அதுக்குன்னு? வேண்டிக்கிட்டீங்களா?"

"வேண்டிக்கிட்டுத்தான் போட்டேன்."

"நீங்களா!"

"ஏன், உங்கப்பன் வீட்டுக் கடவுளா?"

அதன் பிறகு அவர் நிறுத்தவேயில்லை. எல்லோருக்கும் போடுகிறார். சிலவற்றை நான் படித்து முடிப்பதற்குள் அக்காவின் கை வந்துவிடுகிறது. (பிரார்த்தனைக்கு எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்று எந்த நூலிலும் நான் படித்ததில்லை. ஆனாலும்.) அந்தப் பையன் கண் திறந்துவிட்டான். "எல்லாம் உங்க கைதான் அக்கா" என்று அந்தத் தாய் எழுதியிருக்கிறாள்.

அக்கா விட்டுப்போனதில் எனக்கு முக்கியமானது அவள் வாக்கு ஒன்றுதான். டீவி பார்த்துக்கொண்டே அத்தான் பொத்தானை அமுக்குகிறார் என்றால், ஒவ்வொரு படமும் செத்தவள் வாயில் திணிக்கும் பொய். உண்மையிலேயே வேண்டிக்கொள்கிறார் என்றால்

(இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை.)

4

முடிவு ஒன்று: குழுவில் உண்மையைச் சொல்கிறேன். எல்லோரும் அழுகிறார்கள். நியாயமான முடிவு. அந்தத் தாய் அன்று இரவு என்ன நினைப்பாள் என்பதை மட்டும் எழுத முடியவில்லை.

முடிவு இரண்டு: ஒருநாள் தற்செயலாகப் போகிறேன். அத்தான் தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கண்மூடி நிற்கிறார். நான் விம்முகிறேன். உங்களுக்கு இது பிடிக்கும். எனக்கும் பிடிக்கிறது. சந்தேகமே அதனால்தான்.

மூன்றாவதை நான் செய்தே பார்த்தேன்.

5

அத்தான் வீட்டுச் சமையலறை. மத்தியானம், குழு அடங்கிக் கிடக்கும் நேரம். நான் பாத்திரம் துலக்குகிறேன். அவர் முன்னறையில், டீவி அலறுகிறது. கையைத் துடைத்துக்கொண்டு குழுவில் தட்டினேன்: "எனக்கு முழங்காலில் அறுவை" — அழித்தேன். பொய் வேண்டுகோள் வைத்துப் பொய்யைப் பிடிப்பதா? அக்கா சிரிப்பாள். திரும்பத் தட்டினேன்: "நெருங்கிய ஒருவரை இழந்தேன். அதிலிருந்து எனக்குப் பிரார்த்தனை வருவதில்லை. எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்."

பொறிக்காக எழுதியதுதான். அனுப்பிய பிறகுதான் அது நிஜம் என்று உறைத்தது.

முன்னறையில் அக்காவின் ஃபோன் மணியடித்தது. என் ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். உடனே அதிர்ந்தால் ஆள் அகப்பட்டார் என்பது என் கணக்கு.

அதிரவில்லை. டீவி நின்றது. நாற்காலி கிறீச்சிட்டது. குளியலறைக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம்.

உருகிவிடாதீர்கள். நான் அடுப்படியில் இருப்பது அவருக்குத் தெரியும். குழாய்ச் சத்தம் எனக்குக் கேட்கும் என்பதும் தெரியும். அல்லது வயசான மனுஷர், வேறு காரியத்துக்குப் போயிருக்கலாம்.

குழாய் நின்றது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. கையிலிருந்த தட்டிலிருந்து சொட்டிய தண்ணீர்கூட எனக்குக் கேட்டது.

பிறகு ஃபோன் அதிர்ந்தது.

அவருடையதாக இருக்கலாம். குழுவில் வேறு யாருடையதாகவும் இருக்கலாம். அந்தக் குழுவை நான் இன்றுவரை திறக்கவில்லை. திறந்தாலும் படம்தான் தெரியும். அதற்கு முன்னால் நடந்தது தெரியாது. அதைப் பார்க்க வேண்டுமானால் சமையலறை வாசல்வரை போயிருக்க வேண்டும். கதவு திறந்துதான் இருந்தது. ஈரத்தட்டோடு இருந்த இடத்திலேயே நின்றேன்.

நீங்கள் வேண்டுமானால் எட்டிப் பாருங்கள். பார்த்ததை என்னிடம் சொல்ல வேண்டாம்.