விடியற்காலத்து முகம்

குழந்தையைப் பின்வாசல் படியில் உட்கார்த்தி, கதவைத் தட்டிவிட்டு, நல்லம்மாள் சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டாள். சேலைத் தலைப்பு முகத்தை மூடியிருந்தது. வழக்கமாகக் கதவு கொஞ்சம் திறக்கும். வளையல் போட்ட கை ஒன்று நீண்டு, குழந்தையை உள்ளே வாங்கிக்கொள்ளும். கதவு சாத்தப்படும் ஓசை கேட்ட பிறகுதான் அவள் வேலைக்கு ஓடுவாள்.

இன்று கை நீளவில்லை.

இந்த ஏற்பாடு அந்த வீட்டுக்காரி வடிவம்மாள் செய்தது. பினாங்குத் துறையில் தொங்கான் சரக்குப் படகிலிருந்து விழுந்து செத்தவனின் பிள்ளை என்று இரங்கித்தான் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தாள். மனம் கெட்டவள் அல்ல. பகலெல்லாம் குழந்தை தெய்வானைக்குச் சோறூட்டுவாள், தலை சீவிவிடுவாள். ஆனால் தாலியறுத்தவள் முகத்தில் விழிக்க அந்த வரிசை வீடுகளில் எதுவும் தயாராக இல்லை. சரக்குக் கிட்டங்கியில் அவள் வேலையோ விடியும்போதே தொடங்குவது. கொட்டைப்பாக்கைத் தரம் பிரிக்கும் வேலை. நல்லம்மாளின் கை பட்ட பாக்கு எத்தனையோ கல்யாணத் தட்டுகளுக்குப் போயிற்று. அவள் எந்தக் கல்யாண வாசலுக்கும் போகவில்லை.

காலையில் அவள் முகத்தில் விழிக்கிற ஒரே உயிர் தெய்வானைதான். விழித்ததும் சிரிக்கும். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டுதான் அவள் அன்றைய பொழுதைக் கழிப்பாள்.

தூறல் விழத் தொடங்கியது. குழந்தை சிணுங்கியது. நல்லம்மாள் மெல்லக் கூப்பிட்டாள்.

"இன்னிக்கு வேணாம் நல்லம்மா," என்றது கதவுக்குப் பின்னாலிருந்து வடிவம்மாளின் குரல். "அவரு கூலியாளுங்கள மேய்க்கற மண்டோர் வேலைக்குத் தொரையப் பாக்கப் போறாரு. அவரு கெளம்பற வரைக்கும் இந்தப் பக்கம் நிக்காத."

"புள்ளைய மட்டும் வாங்கிக்குங்கக்கா. நான் சொவத்தப் பாத்து நிக்கறேன்."

"புள்ளையும் ஒன்னோடதுதானே," என்றாள் வடிவம்மாள்.

நல்லம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். ஏற்கெனவே குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது வேலைக்குப் போகவில்லை. இன்னொரு நாள் நின்றால் அவள் இடத்துக்கு வேறு ஆள் வரும் என்று கிட்டங்கிக் கங்காணி சொல்லியிருந்தான். அப்புறம் இரண்டு வயிற்றுக்கும் வழியில்லை.

தெருமுனையில் சலேஹாவின் ஆப்ப அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. படகோட்டி ஷேக் அலாவுதீனின் மனைவி; வீட்டு முகப்பிலேயே ஆப்பம் சுட்டு விற்பவள். அவளுக்கு இன்னும் போணியாகவில்லை. கடைக்காரர்களின் முதல் வியாபாரத்துக்கு முன்னால் தன் முகம் படக்கூடாது என்று நல்லம்மாள் எதிர்ச்சாரிக்கு விலகி நடந்தாள்.

"தெனம் மூஞ்சிய மூடிட்டுப் போறியே, பல்லு வலியா லா?" என்று சலேஹா கேட்டாள்.

நல்லம்மாள் நின்ற இடத்திலிருந்தே காரணத்தைச் சொன்னாள். சலேஹா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தொழுதுட்டு வந்ததும் நான் மொதல்ல பாக்கறது இந்தக் கரிச்சட்டிய. ஒன் மூஞ்சி அதைவிட மோசமா? மழைல நிக்காம இப்படி வா. புள்ள இங்க இருக்கட்டும்."

வேற்று மத வீடு என்று வரிசை பேசுமே என்ற நினைப்பு நல்லம்மாளுக்கு வந்தது. மழையில் உட்கார்ந்திருந்த குழந்தையைப் பற்றி வரிசை என்ன பேசியது என்ற நினைப்பும் கூடவே வந்தது. தெருவைக் கடந்தாள். சலேஹா அவளிடம் ஒரு காசு கேட்டு வாங்கி, பிஸ்மி சொல்லித் தகரக் குவளையில் போட்டு, முதல் ஆப்பத்தைக் கையில் கொடுத்தாள். "இன்னிக்குப் போணி ஒன் கையால," என்றாள்.

அம்மன் சந்நிதியில் திரை விலகும்போது எதிரே நிற்பவள் யாரென்று தெய்வம் கேட்பதில்லை. அந்த அடுப்படியிலும் யாரும் கேட்கவில்லை.

அப்போது அய்யாக்கண்ணு வந்தார். வடிவம்மாளின் புருஷன். வெளுத்த கோட்டு, நெற்றியில் சந்தனம். நல்லம்மாளைக் கண்டதும் சட்டென்று முதுகைக் காட்டி நின்று, கையை மட்டும் பின்னால் நீட்டி ஆப்பம் கேட்டார்.

"முதுகுக்கு ஆப்பம் விக்கறதில்லண்ணே. திரும்பி வாங்கிக்குங்க," என்றாள் சலேஹா.

அவர் அசையவில்லை. கோட்டு நனைந்தது. அவர் வீட்டுச் சோறு தின்று பழகிய தெய்வானை, "மாமா," என்று தாயின் இடுப்பிலிருந்து எட்டி அவர் கோட்டைப் பிடித்து இழுத்தது. அவர் திரும்பினார். குழந்தையைப் பார்த்தார். குழந்தையை ஏந்தியிருந்த முகத்தையும் பார்த்துவிட்டார். ஆப்பத்தை வாங்கி, ஒரு துண்டு பிய்த்து, ஊதி ஆற்றி, குழந்தையின் வாயில் வைத்தார். பிறகு வேகமாக நடந்தார்.

அவருக்கு மண்டோர் வேலை கிடைத்தது. அன்று காலையில் தான் கதவைத் திறக்காததால்தான் கிடைத்தது என்று வடிவம்மாள் வரிசை முழுவதும் சொன்னாள். அய்யாக்கண்ணு அதை மறுக்கவில்லை. நல்லம்மாளும் காதில் வாங்கியதோடு சரி.

மறுநாள் விடியலில் அவள் தெய்வானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முகத்தை மூடாமல் முன்தெரு வழியாகவே வந்தாள். வழியில் ஒரு கதவும் திறக்கவில்லை. அடுப்படிக்கு வந்து, காசைக் கொடுத்து, முதல் ஆப்பத்தை வாங்கினாள்.

அவளுக்கு முன்பே வந்திருந்த அய்யாக்கண்ணு, அவள் வாங்கி முடிக்கும்வரை ஓரமாக நின்றிருந்தார்.