பீரோவில் வைத்த லேப்டாப்

2023 பிப்ரவரி 21 அன்று மதியம், சுரண்டைக்கு அருகே ஒரு கல்குவாரியில் வெடி வைத்தபோது, அங்கே மேற்பார்வையாளராக இருந்த மாடக்கண்ணு இறந்தார். வயது முப்பத்தாறு.

சைரன் அடித்த பிறகும் அவரேதான் உள்ளே போனார் என்று குவாரிக்காரர்கள் சொன்னார்கள். போலீசாரும் அப்படியே எழுதி வழக்கை முடித்தார்கள். சைரன் கெட்டு மாதக்கணக்காகிவிட்டது என்பது அவர் மனைவி தங்கத்தாய்க்குத் தெரியும். சைரன் இல்லாமல் வெடி வைப்பதை மாடக்கண்ணு பல நாள் செல்போனில் வீடியோப் படம் எடுத்து, வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பில் ஏற்றிவைத்திருந்தார். போன் அவரோடு சேர்ந்து நொறுங்கிப்போனது. லேப்டாப் கீழப்பாவூர் வீட்டில் இருந்தது.

அதை யாரும் திறக்கவில்லை. இறந்தவர் புழங்கிய பொருளை வருஷம் திரும்புவதற்கு முன் எடுக்கக் கூடாது என்றார் மாமியார் பேராச்சி. மகனின் வேட்டியில் சுற்றி, பாச்சை உருண்டை போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினார். வருஷம் திரும்பியதும் தங்கத்தாய் வக்கீல் வல்லிநாயகத்திடம் போனாள். போலீஸ் அறிக்கையை எதிர்த்து மனுப் போட்ட அவர், "லேப்டாப்ல கை வைக்காதீங்கம்மா. நடுவுல திறந்தா வெட்டி ஒட்டினதாக் குவாரிக்காரன் சொல்லிருவான். கோர்ட் கேட்கட்டும்" என்றார். கோர்ட் கேட்பதற்குள் இன்னும் இரண்டு கோடைகள் போயின. பீரோ நின்ற அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை.

2025 ஜூலையில் கோர்ட் படங்களைக் கேட்டதும், நகல் எடுப்பதற்காகத் தங்கத்தாய் லேப்டாப்பை வேட்டியோடு தென்காசிக்குக் கொண்டுவந்தாள். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறை துடைக்கிற வேலை அவளுக்கு. சீசன் நேரம், அரை நாள்தான் விடுப்புக் கொடுத்திருந்தார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சிவசைலத்துக்கு மாடக்கண்ணுவைத் தெரியும்.

கடையின் கண்ணாடி அலமாரியில் பிளாப்பி, பழைய ரேம் பலகைகள், செங்கல் கனத்தில் ஒரு ஹார்டு டிஸ்க் எல்லாம் கிடந்தன. பக்கத்து ஜெராக்ஸ் கடை முகம்மது மீரான் எட்டிப் பார்த்தார்.

"ஏலே சிவசைலம், டிக்கெட் போட்டு உள்ள விடுலே. அருவிக்கு வந்த கூட்டம் பூரா இங்கன வந்துரும்லா."

"உம்ம ஜெராக்ஸ் மிஷினையும் கொண்டாந்து வையும். சோடி சேரட்டும்" என்றார் சிவசைலம். தங்கத்தாய் கையிலிருந்த வேட்டியைப் பார்த்ததும் மீரான் தன் கடைக்குத் திரும்பிவிட்டார்.

சிவசைலம் லேப்டாப்புக்கு வெளியிலிருந்து கரண்ட் கொடுத்தார். விளக்கு எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளே இருந்த டிஸ்க்கைக் கழற்றினார். சீட்டுக்கட்டைவிடக் கொஞ்சம் பெரியது, ஒல்லியானது. வேறு கம்ப்யூட்டரில் மாட்டினார். கொள்ளளவு பூஜ்யம் என்று வந்தது. கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டினார். பூஜ்யம்.

"என்ன அண்ணாச்சி?"

"உள்ள ஒண்ணையும் காட்ட மாட்டேங்குதும்மா."

"பூட்டித்தானே வச்சிருந்தோம்? யாரும் தொடலையே."

"அதான் கேடு." சிவசைலம் அலமாரியைக் காட்டினார். "இந்தப் பிளாப்பி சாரல் காத்துக்கே பூசணம் பூக்கும். அந்தா கிடக்கு பாரு ஹார்டு டிஸ்க்கு, அது தட்டுல பதியும். சாகப் போறப்ப டிக்கு டிக்குன்னு சத்தம் போடும், நாமளும் சுதாரிச்சு எடுத்துக்கிடலாம். பீரோவுல பத்து வருசம் கிடந்தாலும் பெரும்பாலும் எந்திரிக்கும். இது படத்தைக் கரண்டாப் பிடிச்சு வச்சிருக்குத ஜாதி. விலை குறைஞ்சது வேற. கரண்டே காட்டாம வெக்கையில போட்டா பதிஞ்சதெல்லாம் சத்தமில்லாம வடிஞ்சிரும்."

"இதை நீங்கதானே அண்ணாச்சி மாத்திக் கொடுத்தீக?"

"ஆமா. லேப்டாப் மெதுவா ஓடுதுன்னு வந்தாரு. இது பறக்கும்னு சொன்னேன். பறக்கத்தான் செஞ்சுது."

"பழசு?"

"பழசு எதுக்குன்னு இங்கனயே விட்டுட்டுப் போனாரு. அழிச்சுட்டு, குற்றாலத்துல ஒரு லாட்ஜு கேமராவுக்குப் போட்டேன். மூணு வருசமா அது மேலயே எழுதிக்கிட்டு கிடக்கு."

"எந்த லாட்ஜு?"

"உன் லாட்ஜு இல்லம்மா. அங்க போயும் பிரயோசனம் இல்ல."

தங்கத்தாய் வேட்டியை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"மாத்துறப்ப படத்தை எல்லாம் இதுல ஏத்தினீகள்லா? ஓட்டிப் பாத்தீகளா?"

சிவசைலம் டிஸ்க்கின் ஒயரைக் கழற்றினார்.

"ஒண்ணு ரெண்டு பாத்தேன். சரியா ஏறியிருக்கான்னு பாக்குததுதான். பாறை வெடிக்குது, ரெண்டு பேரு குனிஞ்சு ஓடுதாங்க."

"சைரன் இல்லைல்லா? அதைக் கோர்ட்ல வந்து சொல்லுங்க. அது போதும்."

"இந்தா பாரு." மேஜையைக் காட்டினார். திரை, கீபோர்டு, திருப்புளிகள் இருந்தன. "இதுல ஸ்பீக்கர் கிடையாது. நாள் பூரா ஊரான் வீட்டுக் கல்யாணப் பாட்டு கேக்க முடியாதுன்னு நான் மாட்டுததே இல்ல. படம் ஓடுதான்னு மட்டும் பாப்பேன். சைரன் அடிச்சுதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அடிக்கலைன்னு சொல்லுங்க அண்ணாச்சி. உண்மைதானே."

"உனக்கு உண்மைம்மா. ஸ்பீக்கர் இருந்துதான்னு குறுக்க ஒரு கேள்வி கேட்டா நான் என்ன சொல்ல?"

அவள் அங்கிருந்தே வக்கீலுக்குப் போன் போட்டு சிவசைலத்திடம் கொடுத்தாள். நடந்ததைக் கேட்ட வல்லிநாயகம், அந்தச் சாட்சியால் பயன் இல்லை என்றார். டிஸ்க்கைச் சென்னைக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னார். சிவசைலம் தன் செலவில் அனுப்பினார். மூன்றாவது வாரம் அது திரும்பி வந்தது, எதையும் மீட்க முடியவில்லை என்ற சீட்டோடு.

செப்டம்பரில் தென்காசி நீதிமன்றம், ஆதாரம் இல்லை என்று மனுவைத் தள்ளுபடி செய்தது. மாடக்கண்ணு எச்சரிக்கையை மீறி உள்ளே போனார் என்ற போலீஸ் அறிக்கை ஏற்கப்பட்டது.