நூற்றுப் பதினான்காம் நம்பர் சாமி

முதலமடையில் மருதாத்தாளின் மாந்தோப்பில், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் செத்துப்போன நபத்தேய ராஜா ஒருவர் பங்குனி இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். ஜேசிபி முதல் மாமரத்தைப் பிடுங்கிய குழியில்தான் அவர் இருந்தார். போர்வெல் ஆயிரத்து நூறு அடி போயும் புழுதியே வந்ததால், மரத்தையெல்லாம் பிடுங்கிவிடலாம் என்று புருஷன் காளிச்சாமி முடிவு செய்திருந்தார். ஒவ்வொரு கன்றும் தன் கையால் நட்டது என்று மருதாத்தாள் இரண்டு நாளாகச் சோறு தொடவில்லை. ராஜா அரேபியப் பாலைவனத்துக்காரர்; மிளகு வாங்க வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு போனவராம். பெயரைச் சொன்னார், யார் வாயிலும் நுழையவில்லை. அவர் பேசியது அராமிய மொழி என்று பின்னால் தெரிந்தது. மருதாத்தாளுக்கு அது பழனிப் பக்கத்துப் பேச்சு மாதிரிதான் கேட்டது.

வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டுமே. லாரித் தண்ணீரில் மிச்சமிருந்த ஒரு சொம்பைக் கொடுத்தாள். அவர் அதை ஜேசிபிக்காரருக்கும் காளிச்சாமிக்கும் மருதாத்தாளுக்கும் ஊற்றிவிட்டு, கடைசி வாயைத் தான் குடித்தார். "எங்கூர்ல ராசாதானுங்க பரிமாறோணும்" என்றார். பிறகு, ஒன்பது நாள் மரத்தைத் தொடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். யார் சொல்லும் கேட்காத காளிச்சாமி, தனக்குத் தண்ணீர் ஊற்றிய ஆளிடம் மாட்டேன் என்று சொல்லமுடியாமல் ஜேசிபியைத் திருப்பி அனுப்பினார். ஒன்பது நாளில் ராஜா பூமிக்குள் ஒரு தொட்டி குடைந்தார். வாய் ஆட்டுக்கல் அகலம், வயிறு கல்யாண மண்டபம். ஒரே கோடை மழையில் அது நிரம்பியது. மடியிலிருந்த சதுரக் கல்லை எடுத்துத் தொட்டியின் வாயை மூடினார். கல்லுக்குக் கட்டமாய் இரண்டு கண், கோடாய் ஒரு மூக்கு; வாய் கிடையாது. "எங்க சாமிங்க. வாயில்லாததால தண்ணியில பங்கு கேக்காது. ஆனா நகத்துனீங்கன்னா, தண்ணியும் கூடவே போயிருமுங்க."

மரங்கள் துளிர்த்தன. ஆவணியில் நிலம் அளக்க வந்த சர்வேயர் ஜின்சன், அதை எல்லைக்கல் என்று நினைத்து நெற்றியில் சிவப்புப் பெயிண்டால் 114 என்று எழுதிவிட்டுப் போனார். குங்குமம் மாதிரி இருக்கட்டும் என்று மருதாத்தாள் விட்டுவிட்டாள். தையில், மரமெல்லாம் பூத்து நின்றபோது, கல்லை மியூசியத்துக்குக் கொண்டுபோகத் தொல்லியல் துறை ஜோமோள் மேடம் லாரியோடு வந்தார். கயிற்றைக் கட்டி லேசாகச் சாய்த்ததும் உள்ளே தண்ணீர் இரண்டு முழம் இறங்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் கல்லின் நெற்றியிலிருந்த 114 மருதாத்தாள் கண்ணில் பட்டது.

"ஏனுங்க மேடம், சர்வே கல்லைப் புடுங்குனா கேசாயிருமில்லீங்களா?"

மேடம் வில்லேஜ் ஆபீசுக்குப் போன் செய்தார். வரைபடத்தில் 114 இருந்தது. எடுக்க வேண்டுமானால் ஊரையே திரும்ப அளக்க வேண்டும் என்றார்கள். மேடம் நல்ல மாதிரி. தன் கையாலேயே கயிற்றை அவிழ்த்தார்.

முதல் பழம் சாமிக்கு. சாமிக்கு வாயில்லாததால் ராஜாதான் அறுத்து, லீவு போட்டு வரும் ஜோமோள் மேடம் வரைக்கும் கொடுத்துவிட்டு, கொட்டையைத் தான் சப்புகிறார். இந்த வருஷம் அவரை ரேஷன் கார்டில் மூன்றாவது ஆளாகச் சேர்த்தார்கள். பெயர் ராஜா என்று எழுதியதால் ஆபீசில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.